சுடுகாட்டுப் பாதைக்கு மனு: அயர்லாந்தில் ஒருத்தர் எழுதினாலே நாடாளுமன்றம் கேட்குமாமே?

பாலாற்றங்கரையான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம், பாலாற்றை ஒட்டின ஒரு கிராமம். ஊர் பேர் இப்போதைக்கு வேண்டாம், விவகாரம் இன்னும் முடியவில்லை.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை முன்பு மாட்டுவண்டி போகிற அகலம் இருந்தது. பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். இப்போது எங்களுக்கு மிச்சம் இருப்பது வாய்க்கால் வரப்புதான். பாடையைத் தூக்கினால் இரண்டு பேர் வரப்பு மேலே, இரண்டு பேர் முழங்கால் சேற்றில். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே போகும். பின்னால் ஒருத்தர் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டே வரவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் சாகக்கூடாது என்று எங்கள் அம்மா சொல்வாங்க. அது கிண்டல் இல்லை.

திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்தோம். எண் போட்ட ரசீது தந்தார்கள், செல்லுக்கு மெசேஜும் வந்தது. பிறகு ஒரு துறையிலிருந்து கடிதம்: "மேற்படி இடம் தனியார் பட்டா நிலம் என்பதால் நடவடிக்கை எடுக்க இயலாது, மனு முடிவு செய்யப்படுகிறது." சரி, ஒருத்தர் கொடுத்ததால்தான் இப்படி என்று காலனி முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. அதே பதில், தேதி மட்டும் வேறு.

என் மச்சினிச்சி பொண்ணு அயர்லாந்தில் நர்ஸ். அங்கே ஒரே ஒரு ஆள் மனு எழுதினாலும் நாடாளுமன்றக் குழு எடுத்து விசாரிக்குமாம். நிஜமா? அங்கே சாதாரண ஜனங்கள் மனு கொடுத்து ஜெயித்திருக்கிறார்களா, எப்படி? நாங்கள் எதை மாற்றிச் செய்யணும்? "கோர்ட்டுக்குப் போ" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீங்க. வக்கீல் ஃபீஸுக்கு நாங்கள் எங்கே போவது?

மனுவில் "பொருள்: அடிப்படை வசதிகள் கோரி" என்று போட்டு பாதை, எரிமேடை, கைப்பம்பு, தெருவிளக்கு எல்லாம் எழுதியிருந்தோம்.

காட்பாடிப் பொண்ணு சொன்னது:

அண்ணே, நான் காட்பாடி. இப்போது அயர்லாந்தின் மேற்கே கால்வேயில் வேலை, அதுவும் நர்ஸ்தான். உங்கள் மச்சினிச்சி பொண்ணு சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். இங்கே நாடாளுமன்றத்தில் பொதுமக்கள் மனுக்களுக்கென்றே ஒரு கூட்டுக்குழு இருக்கிறது. ஒருத்தர் அனுப்பினாலும் பார்ப்பார்கள், இத்தனை கையெழுத்து வேண்டும் என்ற கணக்கு கிடையாது. சம்பந்தப்பட்ட துறையிடம் பதில் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அந்தக் குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும், "செய்" என்று உத்தரவு போட முடியாது. மனு போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் இங்கேயும் நிறைய பேர்.

நீங்கள் சுடுகாட்டைப் பற்றிக் கேட்டதால் எனக்கு உடனே ஞாபகம் வந்தது டூவம். கால்வே மாவட்டத்தில் உள்ள சின்ன ஊர். 1925 முதல் 1961 வரை அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தின ஓர் இல்லம் இருந்தது. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு தாயை வேறே, பிள்ளையை வேறே பிரித்துவிடுவார்கள். அங்கே செத்த குழந்தைகளை எங்கே புதைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு கட்டடத்தை இடித்து, அங்கே வீட்டுக் குடியிருப்பு வந்துவிட்டது. 1970-களில் விளையாடப் போன பையன்கள் ஒரு குழிக்குள் எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். ஊர் அதையும் மூடிவிட்டது.

கேத்தரின் கார்லெஸ் என்று ஓர் அம்மா. வக்கீல் இல்லை, கட்சி இல்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டு உள்ளூர் வரலாறு எழுதுகிறவர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் போய், அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகளின் பதிவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வந்தது 796 பேர். ஒவ்வொரு சான்றிதழுக்கும் கைக்காசு கட்டி வாங்கினார். அப்புறம் சுற்றுவட்டாரக் கல்லறைகளின் புதைப்புப் பதிவேட்டை எடுத்துவைத்துப் பேர் பேராகத் தேடினார். கிட்டத்தட்ட யாருமே அதில் இல்லை. செத்தார்கள் என்று ஒரு பதிவேடு சொல்கிறது, புதைத்தோம் என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை.

முதலில் அவரும் கூட இருந்தவர்களும் கேட்டது அந்த இடத்தில் பேர் பொறித்த ஒரு பலகை, அவ்வளவுதான். 2014-இல் செய்தி உலகம் முழுக்கப் போனது. 2015-இல் அரசு விசாரணை ஆணையம், 2017-இல் நிலத்தடி அறைகளில் எலும்புகள் இருப்பது உறுதி, 2021 ஜனவரியில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு. அதற்கென்று 2022-இல் தனிச் சட்டமே போட்டு, 2025 ஜூலையில் முறைப்படித் தோண்ட ஆரம்பித்தார்கள். இதில் கையெழுத்து எண்ணிக்கைக்குப் பெரிய வேலை இல்லை அண்ணே. இரண்டு பதிவேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் எதிர்த்தரப்பால் வாயைத் திறக்க முடியவில்லை.

கையெழுத்து வேலை செய்த கதையும் உண்டு. டப்ளினில் ஆர்டேன் பகுதியில் ஸ்டார்டஸ்ட் என்ற நடன அரங்கம் 1981 பிப்ரவரி 14 ராத்திரி தீப்பிடித்து 48 பேர் செத்தார்கள். எல்லாரும் இளசுகள். வெளியேறும் கதவுகளில் சங்கிலி. அப்போது விசாரித்த தீர்ப்பாயம் யாரோ வேண்டுமென்றே தீ வைத்திருக்கலாம் என்று எழுதி முடித்துவிட்டது. செத்தவர்கள் பேரிலேயே சந்தேகம் வந்து உட்கார்ந்தது. குடும்பங்கள் விடவில்லை. 2018-இல் ஓர் உயிருக்கு ஆயிரம் என்று 48,000 தபால் அட்டைகளில் கையெழுத்து வாங்கி அரசு தலைமை வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அடுத்த வருஷம் புது மரண விசாரணைக்கு உத்தரவு. 2024 ஏப்ரலில் ஜூரி "சட்டவிரோதக் கொலை" என்று தீர்ப்பு சொன்னது. அதற்குள் பல அம்மா அப்பாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டூட்டிக்கு நேரமாச்சு. மிச்சம் ராத்திரி.

ஆம்பூர்க்காரன் சொன்னது:

அக்கா எழுதினதெல்லாம் சரி. ஆனா அயர்லாந்து என்றதும் நாம வாயைப் பிளக்கத் தேவையில்லை. மொத்த நாட்டு ஜனத்தொகையே 2022 கணக்கெடுப்பில் 51 லட்சம்தான்.

மனு கொடுத்து நாட்டுக்கே சட்டம் வாங்கித் தந்த ஊர் நம்முடையது. தோல் ஷாப்பு கழிவுநீர் பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. நாசம் பண்ணினவனே செலவைக் கட்டணும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனது என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. சட்டம் படிக்கிற பசங்க எல்லாரும் "வேலூர் வழக்கு" என்று மனப்பாடம் பண்ணுகிறார்கள். சரி, முடிந்ததா? 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், மேற்பார்வைக்குக் குழு போடுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. எங்கள் தாத்தா கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் பருப்பு வேகாது.

இன்னொன்று, அண்ணன் கேள்வியில் எழுதாத விஷயம். அந்தக் கையெழுத்துத் தாளில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அதே தோப்பில் தேங்காய் உரிக்கிறார்கள், மட்டை கட்டுகிறார்கள்? மனு விசாரணைக்கு என்று அந்தத் தாள் கீழே வந்ததும் முதலில் அதைப் படிப்பவர் யார்? அயர்லாந்து அம்மாவுக்கு மறுநாள் கூலி நின்றுபோகும் பயம் இல்லை. 2019-இல் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், நிலத்து வழியாகப் போக விடாததால் பாலத்து மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கின வீடியோ எல்லாரும் பார்த்தோம். அதைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானே வழக்கை எடுத்தது. அங்கே மனு வேலை செய்யவில்லை, செல்போன் வேலை செய்தது.

காட்பாடிப் பொண்ணு சொன்னது:

தம்பி, கூலி விஷயம் நீங்கள் சொன்னது நியாயம். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் இங்கேயும் ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். டிராவலர் என்று ஒரு நாடோடிச் சமூகம். வாடகைக்கு வீடு கேட்டால் பேரைப் பார்த்தே இல்லை என்பார்கள். தங்களைத் தனி இனக்குழுவாக ஏற்கச் சொல்லிப் பல வருஷம் கேட்டு, 2017 மார்ச் 1-இல்தான் நாடாளுமன்றத்தில் பிரதமர் அறிவித்தார். அறிவித்த பிறகும் வீட்டுக் கஷ்டம் தீரவில்லை.

ஓய்வு சர்வேயர் சொன்னது:

எல்லாருக்கும் வணக்கம். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் நில அளவைத் துறையில் சேர்ந்து, பிரித்து முடித்த பிறகு ஓய்வு பெற்றவன். மனு எழுதுகிற பக்கத்தை விட மனு வந்து விழுகிற பக்கத்தில்தான் என் காலம் போனது. அதனால் கொஞ்சம் கறாராகச் சொல்வேன், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

"அடிப்படை வசதிகள் கோரி" என்று பொருள் போட்டாலே அந்த மனு செத்தது. பாதை வருவாய்த் துறை, கைப்பம்பும் விளக்கும் ஊராட்சி, எரிமேடை ஊரக வளர்ச்சி. நாலும் ஒரே தாளில் வந்தால் பிரிவு எழுத்தர் எதில் சுலபமாகப் பதில் எழுத முடியுமோ அதை எழுதி முடித்துவிடுவார். ஒரு தாளுக்கு ஒரு கோரிக்கை. கோரிக்கையில் வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண் நான்கும் முதல் இரண்டு வரிக்குள் வரணும்.

இப்போது உங்களுக்கு வந்த பதிலைப் பாருங்கள். "தனியார் பட்டா நிலம்." எந்தப் புல எண்? போடவில்லை. புல எண் போடாத பதிலை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று விதமான நிலைமை இருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறே வேறே, அதனால் எது உங்களுடையது என்று தெரியாமல் மறுபடி மனு எழுதாதீர்கள்.

அரசின் இ-சேவைத் தளத்தில் எந்த நிலம் யார் பேரில், என்ன வகை என்று சொல்கிற உங்கள் கிராமத்து 'அ' பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் காசில்லாமல் பார்க்கலாம். புலப்படத்தில் பாதை இரண்டு முழுக்கோட்டுக்கு நடுவே தனி உட்பிரிவு எண்ணோடு இருக்கிறதா, இல்லை ஒருத்தர் நிலத்துக்குள்ளே வெறும் புள்ளிக்கோடாக ஓடுகிறதா என்று பாருங்கள். தனி உட்பிரிவு, 'அ' பதிவேட்டில் புறம்போக்கு, குறிப்புக் கலத்தில் 'பாதை' என்று இருந்தால் விஷயம் சுலபம். அளந்து கல் காட்டச் சொல்லி, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவு நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவில் அகற்றம். அதை மட்டும் கேட்டு வட்டாட்சியருக்கு எழுதுங்கள்.

தனி உட்பிரிவு இருக்கிறது, ஆனால் பட்டா என்று காட்டுகிறது என்றால் அங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும். 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது, ஜனங்கள் யூடிஆர் என்பார்கள். பழைய பதிவேடுகளைத் திருத்திப் புதிதாக எழுதின வேலை. அந்த அவசரத்தில் வண்டிப்பாதை, களம், ஓடை எல்லாம் பக்கத்து நிலக்காரர் பட்டாவுக்குள் போய் விழுந்தது உண்டு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிழையை யூடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும். திருத்துவது வட்டாட்சியர் கையில் இல்லை, கோட்டாட்சியர், டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) என்று மேலே போகணும். அந்த நர்ஸ் அம்மா சொன்ன டூவம் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. பழைய பதிவேடு ஒன்று, புதுப் பதிவேடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே காணாமல் போனது என்ன?

மூன்றாவது, பாதை என்றைக்குமே பட்டா நிலத்தில்தான், புழக்கத்தில் விட்டிருந்தார்கள் என்றால் ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையையே மனுவில் எழுதாதீர்கள். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978-இல் போட்ட தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டுமனைக்கு எடுக்கிற மாதிரி சுடுகாட்டுப் பாதைக்கும் அதில் நிலம் எடுக்கலாம். மனு ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்குப் போகணும். வருவாய் அலுவலகத்தில் கொடுத்தால் "இயலாது" என்றுதான் வரும், அவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது.

ஆம்பூர்த் தம்பி கூலி பற்றிக் கேட்டது முக்கியமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கட்டத்தில் காலனி முழுக்கக் கையெழுத்து வேண்டாம். அந்தத் தோப்பை நம்பிப் பிழைக்காத ஒருத்தர், ராணிப்பேட்டை கம்பெனிக்குப் போகிறவரோ சென்னையில் இருக்கிற பையனோ, தன் பேரில் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கட்டும். செட்டில்மென்ட் பதிவேடு, யூடிஆர் 'அ' பதிவேடு, புலப்படம், பழைய புது எண் ஒப்பீட்டுப் பட்டியல், நான்கும் அந்தப் புல எண்ணுக்கு மட்டும். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குக் காசு கிடையாது. நகல் கைக்கு வந்த பிறகு கிராமசபையில் காலனி முழுக்கப் போய் நின்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வரணும். அங்கே கூட்டம் வேண்டும், ஆள் எண்ணிக்கை குறைந்தால் கூட்டமே செல்லாது.

சுடுகாட்டைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, தெளிவாகவே குற்றம். அதை இப்போதே எடுக்காதீர்கள், கையில் இருக்கட்டும்.

கோட்டை நூலகம் சொன்னது:

இடையில் ஒரு சின்ன விஷயம். அயர்லாந்து மனுக்காரி ஒருத்தரை நம் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மார்கரெட் கசின்ஸ், ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்தவர். டப்ளினில் பெண்கள் ஓட்டுரிமைக்காகக் கண்ணாடி உடைத்து ஜெயிலுக்குப் போனவர். 1915-இல் இந்தியா வந்தார். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகுவைப் பார்த்து ஓட்டுரிமை கேட்டதே, அதை ஏற்பாடு செய்தவர் இவர். 1921-இல் சென்னை மாகாணம் முதலில் கொடுத்தது. 1932 கடைசியில் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசினதற்காக அவரை அடைத்துவைத்தது வேலூர்ப் பெண்கள் சிறையில். சிறை இருக்கிற தொரப்பாடி பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். சரி, நீங்கள் பாதை விஷயத்தைத் தொடருங்கள்.

பாலாற்றங்கரையான் சொன்னது:

ஐயா, ரொம்ப நன்றி. தம்பி மகனை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தோம். நீங்கள் சொன்ன இரண்டாவது கதைதான். புலப்படத்தில் காலனி ஓரத்தில் ஆரம்பித்துச் சுடுகாடு வரைக்கும் நீளமாக, நாடா மாதிரி ஒல்லியாக ஓர் உட்பிரிவு. இரண்டு பக்கமும் முழுக்கோடு. 'அ' பதிவேட்டில் தோப்புக்காரரின் அப்பா பேரில் பட்டா. பையன் பார்த்துவிட்டுக் கேட்கிறான், "பெரியப்பா, இவ்ளோ ஒல்லியா சுடுகாடு வரைக்கும் யார்னா நிலம் வாங்குவாங்களா?"

ஆம்பூர்த் தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: பாதிக்கு மேல். கையெழுத்துக் கொடுத்த பிறகு இரண்டு பெண்களை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான் முதலில் எழுதவில்லை. அதனால் இந்தத் தடவை என் பேரில்கூட இல்லை, சென்னையில் ஓட்டுநராக இருக்கிற என் பங்காளி பேரில் போடுகிறோம்.

ஐயா, ஒரே சந்தேகம். அந்த ஒல்லியான துண்டை அளந்து காட்டச் சொல்லி இப்போதே பணம் கட்டலாமா?

ஓய்வு சர்வேயர் சொன்னது:

வேண்டாம். பட்டா அவர் பேரில் இருக்கும்போது அளந்தால் அவர் வேலியே சரி என்று சர்வேயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், அது உங்களுக்கு எதிரான காகிதமாகிவிடும். முதலில் பழைய பதிவேடு. அந்தத் துண்டு அதில் என்ன வகைப்பாடு என்று தெரிந்த பிறகு பேசலாம்.

புல எண்ணை இங்கே எழுதாதீர்கள். அப்புறம் ஒன்று, தகவல் உரிமை மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லுங்கள், ஸ்டாம்ப் வெண்டரிடம் கிடைக்கும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினால் செல்லாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு மாசம் வீண்.